"எங்களுக்குப் பொருந்தாது" என்று எழுத முதல்

ஐ.எஸ்.ஓ 9001 என்ற தர முகாமைத்துவ நியமத்துக்குச் சான்றிதழ் எடுக்கப் போகிறோம் என்று வருகிறவர்களில் கனபேர், புத்தகத்தை விரித்து நாலு பக்கம் புரட்டுவதற்குள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதில எங்களுக்குத் தேவையில்லாததை வெட்டலாமோ?"

வெட்டலாம். ஆனால் உங்களுக்குத் தேவையில்லை என்று தோன்றுவது வேறு, உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கைநூலில் ஒரு வரி எழுதிவிட்டு, ஓடிட் நாளன்று முழிக்கிற ஆக்களை யாழ்ப்பாணத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். முதல் தடவை முழித்தவன் நானேதான், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை, ஏனென்றால் இந்தக் குழப்பம் அங்கேயிருந்துதான் வருகிறது. 1994 பதிப்பில் மூன்று நியமங்கள் இருந்தன. வடிவமைப்பும் செய்கிறவருக்கு 9001, வடிவமைப்பு இல்லாமல் உற்பத்தி செய்கிறவருக்கு 9002, கடைசிப் பரிசோதனை மட்டும் செய்கிறவருக்கு 9003. 2000ஆம் ஆண்டில் மூன்றையும் ஒன்றாக்கி 9001 மட்டும் வைத்தபோது, வடிவமைப்பே செய்யாதவர் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதற்காக விலக்கு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதுவும் 7ஆம் பிரிவுக்குள் மட்டும்தான் விலக்கலாம் என்று கட்டினார்கள். 2008 பதிப்பிலும் அப்படியே. 2015இல் அந்தக் கட்டும் போய்விட்டது, விலக்கு என்ற சொல்லும் போய்விட்டது. இப்போது 4.3 என்ற பிரிவு கேட்பது இவ்வளவுதான்: உங்கள் எல்லைக்குள் பொருந்துகிற தேவைப்பாடு எல்லாவற்றையும் செய்யுங்கள், எது பொருந்தாது என்று தீர்மானித்தீர்களோ அதற்குக் காரணத்தை எழுதி வையுங்கள். கூடவே ஒரு நிபந்தனை. பொருந்தாது என்று விட்டது, சரியான பொருளை அல்லது சேவையைக் கொடுக்கிற உங்கள் ஆற்றலையோ பொறுப்பையோ, வாடிக்கையாளர் திருப்தியைக் கூட்டுவதையோ பாதிக்கக்கூடாது. பாதித்தால் நியமத்துக்கு இணங்குகிறோம் என்று சொல்லவே முடியாது.

பேச்சில் இப்பவும் எல்லாரும் விலக்கு என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் உங்கள் கடுதாசியில் "7.3 விலக்கப்பட்டுள்ளது" என்று இருந்தால், அது யாரோ 2008 காலத்து கொழும்புக் கம்பனி ஒன்றின் கைநூலிலிருந்து பிரதி பண்ணியது என்று ஓடிட்டருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 2015 பதிப்பில் 7.3 வேறு விசயம், அது வேலையாட்களின் விழிப்புணர்வு பற்றியது. வடிவமைப்பு 8.3க்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

முதல் படி: இரண்டு எல்லைகளைப் பிரித்து வைப்பது

சான்றிதழ் எதை மூடுகிறது என்பது ஒன்று. நியமத்தின் எந்தப் பிரிவு பொருந்தாது என்பது இன்னொன்று. ஓடிட்டுக்குப் போகிற புது ஆக்கள் இதைத்தான் முதலில் போட்டுக் குழப்புவார்கள்.

உதாரணத்துக்கு, அச்சுவேலியில் ஒருவர் மிளகாய்த்தூளும் செய்கிறார், பக்கத்துக் கொட்டிலில் நல்லெண்ணெயும் ஆட்டுகிறார் என்று வையுங்கள். தூளுக்கு மட்டும் 9001 எடுக்கிறேன், எண்ணெயை விட்டுவிடுகிறேன் என்றால் அது முடியும். சான்றிதழில் "மிளகாய்த்தூள் உற்பத்தியும் பொதிசெய்தலும்" என்று மட்டும் வரும், எண்ணெய்ப் போத்தல் விளம்பரத்தில் அந்தச் சான்றிதழைக் காட்டக்கூடாது. இது எல்லை. ஆனால் தூளுக்கு எடுத்துவிட்டு, தூள் வேலையில் 8.3 பொருந்தாது என்று சொல்வது வேறு கதை. அது பொருத்தம்.

இடத்துக்கும் இதேதான். அரைப்பது யாழ்ப்பாணத்தில், களஞ்சியம் வெள்ளவத்தையில் என்றால், வெள்ளவத்தை உள்ளேயா வெளியேயா என்று முடிவெடுத்து எழுதுங்கள். வாசிக்கிறவரை ஏமாற்றுகிற மாதிரி எல்லை எழுதப்படக்கூடாது என்பது சான்றிதழ் கொடுக்கிற நிறுவனத்துக்கும் உள்ள விதி, ஐ.எஸ்.ஓ/ஐ.ஈ.சி 17021-1இல் இருக்கிறது. அதனால் அவர்களும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 9001இல் எண்ணெயை வெளியே விடலாம் என்றேனே, அதை நம்பி உணவுப் பாதுகாப்பு நியமமான ஐ.எஸ்.ஓ 22000இலும் அப்படிச் செய்யப் போகாதீர்கள். கடைசிப் பொருளின் உணவுப் பாதுகாப்பைத் தொடக்கூடிய செயல் எதையும் அங்கே எல்லைக்கு வெளியே வைக்க முடியாது. அதே மெசினில் இரண்டும் ஓடினால் கதை முடிந்தது.

இரண்டாம் படி: ஒரு ஓடரின் பின்னால் நடப்பது

நியமத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு கொப்பியையும் பேனையையும் எடுங்கள். போன மாதம் போன ஓடர் ஒன்றைப் பிடித்து, ரெலிபோன் வந்த நேரத்திலிருந்து சாமான் லொறியில் ஏறி காசு வந்த நாள்வரை என்ன நடந்தது, யார் செய்தார், எதைப் பார்த்துச் செய்தார் என்று எழுதுங்கள். முதலாளி கந்தோரில் இருந்து யோசித்து எழுதினால் சரிவராது, வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன்.

ஆரம்பத்தில் ஒரு சிறிய தூள் ஆலைக்கு ஆவணம் தயாரித்துக் கொடுத்தேன். முதலாளி, "நாங்கள் டிசைன் ஒண்டும் செய்யிறேல்லை தம்பி, அம்மா காலத்துத் தூள்தான்" என்றார். நானும் 8.3 பொருந்தாது என்று எழுதிவிட்டேன். ஓடிட்டர் வறுக்கிற அறைக்குப் போனார், சுவரில் ஆணியில் ஒரு கொப்பி தொங்கியது. எடுத்துப் புரட்டினால் திகதி போட்டு, மல்லி இவ்வளவு, செத்தல் மிளகாய் இவ்வளவு, பெருஞ்சீரகத்தைக் குறைத்துப் பார்த்தது, கறிவேப்பிலை கருகிவிட்டது, அடுத்த முறை கடைசியில் போடவும் என்று பக்கம் பக்கமாக. "அக்கா, இது என்ன?" என்று கேட்டார். அங்கே வேலை செய்த அக்காவுக்கு ஒரே பெருமை. "அதுவோ ஐயா, கனடாவுக்குப் போற உறைப்புக் குறைஞ்ச தூள் நான்தான் சரிப்பண்ணினது. ஆறு தரம் வறுத்துப் பாத்தனான்."

ஆறு தரம் வறுத்துப் பார்த்தது என்றால் அது வடிவமைப்பு இல்லாமல் வேறென்ன? என்.சி, அதாவது நியமத்துக்கு இணங்கவில்லை என்ற குறிப்பு, விழுந்தது. விழுந்தது எனக்கு, அக்காவுக்கு இல்லை. அவர் செய்தது முழுக்கச் சரி.

அதற்குப் பிறகு அந்த என்.சியை மூட நாங்கள் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அக்காவின் கொப்பியையே எடுத்து, என்ன தூள் வேண்டுமென்று வாங்குபவர் கேட்டார், எத்தனை தரம் செய்து பார்த்தோம், யார் ருசி பார்த்து ஓம் என்றார், பிறகு என்ன மாறியது என்று நாலு நிரல் கோடு போட்டுக் கொடுத்தோம். அதுவே 8.3க்கான பதிவாகிவிட்டது. விலக்குக் கேட்டு நியாயம் எழுதி ஓடிட்டரோடு மல்லுக்கட்டுவதைவிட, சில பிரிவுகளைச் செய்துவிடுவது லேசு.

மூன்றாம் படி: சந்தேகத்துக்குரிய பிரிவுகளைப் பார்ப்பது

இப்போது நியமத்தை எடுக்கலாம். 4, 5, 6, 9, 10 ஆகியவற்றில் விலக்குத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தலைமை, திட்டமிடல், உள்ளக ஓடிட், முகாமைத்துவ மீளாய்வு, திருத்த நடவடிக்கை எல்லாம் எந்தத் தொழிலுக்கும் வரும். ஆறு பேர் வேலை செய்கிற இடம், எங்களுக்கு முகாமைத்துவ மீளாய்வு தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். ஆறு பேருக்கு அது அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியோடு முடியும், ஆனால் நடக்கத்தான் வேண்டும். உண்மையில் பேச்சு வருவது 7.1.5இலும் 8ஆம் பிரிவிலும்தான்.

8.3, வடிவமைப்பும் உருவாக்கமும். படம் கீறினால்தான் டிசைன் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். இந்த நியமத்தின் சொற்களை விளக்குகிற ஐ.எஸ்.ஓ 9000 இதற்குக் கொடுக்கிற வரைவிலக்கணத்தைச் சாதாரணமாகச் சொன்னால், ஒரு பொருளுக்கான தேவையை இன்னும் விவரமான தேவையாக மாற்றுகிற வேலை. கொக்குவிலில் அலுமினியம் வேலை செய்கிறவரிடம் ஒருவர் வந்து "முன் அறைக்கு ஒரு ஜன்னல், காத்து நல்லா வரவேணும்" என்கிறார். எந்தத் தடிப்பில் சட்டம், எத்தனை கதவு, என்ன கண்ணாடி என்று கடைக்காரர் முடிவெடுக்கிறார். அவர் டிசைன் செய்கிறார். அதே கடைக்கு ஒரு பொறியியலாளர் அளவு, பகுதி இலக்கம், கண்ணாடித் தடிப்பு எல்லாம் போட்ட வரைபடத்தோடு வந்து, இதில் ஒரு மில்லிமீற்றரும் மாறக்கூடாது என்று சொன்னால் அந்த ஓடரில் டிசைன் இல்லை. இரண்டு மாதிரி ஓடரும் வருகிற கடையில் 8.3 பொருந்தும், அவ்வளவுதான். வரைபடத்தோடு வருகிற ஓடர்தான் கூட என்ற கணக்கு இங்கே எடுபடாது.

படகு செய்கிறவர்களுக்கும் இதேதான். அச்சை வெளியே வாங்கி அதில் கண்ணாடிநார் ஊற்றுகிறோம், டிசைன் எங்களுடையது இல்லை என்பது நியாயமான பேச்சு. ஆனால் ஒரு சம்மாட்டியார் வந்து, எஞ்சின் வைக்கிற பின்பக்கத்தை உயர்த்தி ஐஸ் பெட்டிக்கு இடம் விட்டுத் தாருங்கோ என்று கேட்டு, நீங்களும் செய்து கொடுத்தீர்கள் என்றால், படகு எப்படி மிதக்கும் என்ற பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் வந்துவிட்டது.

8.4, வெளியே கொடுத்துச் செய்விப்பது. இதில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது: "அந்த வேலையை நாங்கள் செய்யிறேல்லை, வெளியில குடுக்கிறம், ஆனபடியால் பொருந்தாது." வெளியே கொடுத்தால் பொருந்தாமல் போகாது. லேபல் அச்சடிப்பதை வெளியே கொடுத்தீர்கள், லேபலில் காலாவதித் திகதி பிழையாக வந்தது, வாடிக்கையாளர் அச்சகத்தையா திட்டுவார்? டிசைனை வெளியே ஒருவருக்குக் காசு கொடுத்துச் செய்விக்கிறவருக்கும் இதே விதிதான். வேலை வெளியே போகலாம், பொறுப்புப் போகாது.

8.5.3, மற்றவர்களின் உடைமை. யாழ்ப்பாணத்தில் இதை விலக்குகிற தொழில் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கட சனம் சாமானைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்து வேலை செய்விக்கிற சனம். மில்லில் வரிசையாக நிற்கிற வாளிகளையும் பைகளையும் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டு மிளகாய், மல்லி. அது எல்லாம் வாடிக்கையாளர் உடைமை. ஒருவருடையதை இன்னொருவருடையதோடு கலந்துவிட்டால் என்ன நடக்கும் என்று மில்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, அன்றைக்கு முழுக்க வாய்ச்சண்டைதான். தையல்காரரிடம் வருகிற துணி, அச்சகத்துக்கு வருகிற கல்யாணக் கார்ட் படம், திருத்த வருகிற தண்ணிப் பம்பி எல்லாம் இதற்குள் வரும். கையில் பிடிக்க முடியாததும் வரும். வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவலும், அவருடைய அறிவுசார் சொத்தும் உடைமை என்று அந்தப் பிரிவின் குறிப்பே சொல்கிறது. கனடாக்காரர் தன் குடும்பச் செய்முறையை உங்களுக்கு எழுதித் தந்திருந்தால், அந்தக் கடுதாசியும் அவருடைய உடைமைதான், மேசையில் போட்டுவிட்டுப் போக முடியாது.

7.1.5.2, அளக்கும் கருவிகளின் தொடர்பறிதல், அதாவது உங்கள் கருவி காட்டுகிற அளவை ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு நியமம் வரைக்கும் தொடர்புபடுத்திக் காட்டுவது. தராசு வைத்து 250 கிராம் பக்கற் கட்டுகிறவர் இதை விலக்கவே முடியாது. கருவியை அளவுத்திருத்தம் (கலிபரேஷன்) செய்தோ சரிபார்த்தோ வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அது கேட்பது. வியாபாரத் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் முத்திரை அடிக்கிறது அல்லவா, அந்தக் கடுதாசியைப் பத்திரமாக வையுங்கள், பேச்சைத் தொடங்க அது உதவும். கணினி வகுப்பு நடத்துகிறவருக்குத் தராசும் இல்லை, வெப்பமானியும் இல்லை, 7.1.5.2 பொருந்தாது என்று அவர் எழுதலாம். ஆனால் அளக்கப் பயன்படுத்துவது அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்கிற 7.1.5.1 அவருக்கும் உண்டு. பிள்ளை படித்ததா என்று அளக்கப் பரீட்சை வைக்கிறீர்கள், அந்த வினாத்தாள்தான் உங்கள் அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

8.5.1இல் ஒரு சின்ன எழுத்து இருக்கிறது, எஃப் என்ற உட்பிரிவு, செய்து முடித்த பிறகு பரிசோதித்து உறுதிப்படுத்த முடியாத வேலைகளைப் பற்றியது. ஒட்டுவேலை (வெல்டிங்), கண்ணாடிநார் அடுக்குவது எல்லாம் இதற்குள். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று படகை வெட்டிப் பார்த்துவிட்டு விற்க முடியாது. எங்களிடம் அப்படி வேலை இல்லை என்று எழுத முதல் ஒருக்கால் பட்டறையைச் சுற்றி வாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "தேவையான இடத்தில்", "தொடர்பறிதல் ஒரு தேவைப்பாடாக இருந்தால்" என்று நியமமே நிபந்தனை போட்டிருக்கிற வரிகளுக்கு விலக்கு எழுதத் தேவையில்லை. நிபந்தனை வராவிட்டால் வேலையும் வராது. ஒரு முழுப் பிரிவுக்குத்தான் விலக்கு எழுத வேண்டும் என்றும் இல்லை, ஒரு தேவைப்பாட்டை மட்டும் பொருந்தாது என்று சொல்லலாம்.

நான்காம் படி: நியாயம் எழுதுவது

"8.3 பொருந்தாது, ஏனெனில் நாங்கள் வடிவமைப்புச் செய்வதில்லை." இது நியாயம் இல்லை, ஒரே விசயத்தை இரண்டு தரம் சொல்வது. ஏன் செய்வதில்லை, அந்த முடிவுகளை யார் எடுக்கிறார், அது எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் வேண்டும். வாங்குபவரின் செய்முறைப்படி மட்டும் தூள் செய்கிற ஒருவருக்கு நான் எழுதிக் கொடுப்பது இந்த மாதிரி இருக்கும்:

"வாங்குபவர் எழுத்தில் தரும் செய்முறை, பொதி நிறை, லேபல் மாதிரி ஆகியவற்றின்படி மட்டுமே தூள் உற்பத்தி செய்யப்படுகிறது. கலவை விகிதத்தையோ வறுக்கும் அளவையோ மாற்றும் அதிகாரம் நிறுவனத்துக்கு இல்லை. மாற்றம் தேவைப்பட்டால் வாங்குபவரின் எழுத்து மூல அனுமதி பெறப்படும். நிறுவனம் புதிய தூள் வகை எதையும் சொந்தமாக உருவாக்குவதில்லை. ஆகவே 8.3 பொருந்தாது. இதனால் பொருளின் தரமோ வாடிக்கையாளர் திருப்தியோ பாதிக்கப்படாது, ஏனெனில் செய்முறைக்கான பொறுப்பு ஒப்பந்தப்படி வாங்குபவருடையது."

கடைசி வரியை எழுதினால் அந்த ஒப்பந்தம் ஃபைலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் வறுக்கிற அறையில், வெல்டிங் கொட்டிலில் வேலை செய்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் திரும்ப எழுத வேண்டும்.

இதை எந்த மொழியில் எழுதுவது என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று நியமம் எங்கும் சொல்லவில்லை. வேலை செய்கிறவர் தமிழில் வாசிப்பவர் என்றால் தமிழில் எழுதுங்கள். சான்றிதழில் வருகிற எல்லை வாசகத்தை வாங்குபவர் ஆங்கிலத்தில் கேட்பார், அதற்கு இரண்டையும் வைத்திருங்கள், இரண்டும் ஒன்றையே சொல்கிறதா என்று மட்டும் வடிவாகப் பாருங்கள். ஓடிட்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்வது நல்லது. மொழிபெயர்க்க முதலாளியின் மகனை நிறுத்தினால், வேலையாட்கள் சொல்வது ஒன்று, ஓடிட்டர் காதில் விழுவது இன்னொன்று ஆகிவிடும்.

ஐந்தாம் படி: ஓடிட் நாள்

சான்றிதழ் ஓடிட் இரண்டு கட்டம். முதற் கட்டத்தில் ஆவணத்தையும் எல்லையையும் பார்த்து நீங்கள் தயாரா என்று பார்ப்பார்கள். விலக்கில் சந்தேகம் இருந்தால் பெரும்பாலும் இங்கேயே சொல்லிவிடுவார்கள், அது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் இரண்டாம் கட்டத்துக்கு முன் திருத்தலாம். இரண்டாம் கட்டத்தில் இடத்துக்கு வந்து நடப்பதைப் பார்ப்பார்கள். அக்காவின் கொப்பி மாதிரி ஆணியில் தொங்குவது எல்லாம் அங்கேதான் வெளிவரும்.

ஓடிட்டர் "இது பொருந்துமே" என்றால் கோபப்படாமல் எந்தச் சான்றைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதே சரி என்று தலையாட்டவும் தேவையில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் ஒப்பந்தத்தையும் ஓடர் கடிதத்தையும் எடுத்துக் காட்டுங்கள். முடிவில் உடன்பாடு வராவிட்டால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது, சான்றிதழ் நிறுவனம் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும். ஆனால் "அப்ப எப்படி எழுதினால் விடுவியள், நீங்களே சொல்லுங்கோ" என்று அவரிடமே கேட்காதீர்கள். ஓடிட் செய்கிறவர் ஆலோசகராக இருக்க முடியாது. சான்றிதழும் தருவோம், ஆவணமும் நாங்களே எழுதித் தருவோம் என்று ஒரே இடத்தில் இரண்டும் விற்கிறவர் வந்தால், காசைக் கொடுக்க முதல் அவர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சான்றிதழ் மூன்று வருடத்துக்கு. இடையில் வருடா வருடம் கண்காணிப்பு ஓடிட் வரும், நீங்கள் எழுதிய நியாயம் அப்போதும் உண்மையாக இருக்க வேண்டும். இடையில் ரொறன்ரோவிலிருந்து புது ஆள் ஒருவர், "எங்கட பிள்ளையளுக்கு ஏத்த மாதிரி உறைப்பில்லாமல் ஒண்டு செய்து அனுப்புங்கோ" என்று கேட்டு நீங்களும் ஓம் என்றுவிட்டால், அன்றைக்கே அந்த விலக்குச் செத்துவிட்டது. சான்றிதழ் நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டு 8.3ஐ உள்ளே எடுங்கள். ஆணியில் தொங்கவிட ஒரு கொப்பியும் வாங்குங்கள்.